பட்டா முதல் கடல் அலை வரை: பிரௌசரிலேயே காசில்லாமல் முடியும் வேலைகள்

இங்கே சொல்லப்படும் தளங்கள் எதற்கும் பணம் கட்ட வேண்டாம், எதையும் இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். போனிலேயே ஓடும். நில ஆவணத் தளங்களுக்கு மட்டும் கம்ப்யூட்டர் கிடைத்தால் நல்லது. அவை முடிவைப் புதிய ஜன்னலில் திறக்கும், போன் பிரௌசர் அதைச் சத்தமில்லாமல் தடுத்துவிடும்.

எந்தத் தளமானாலும் முதலில் கேட்க வேண்டியது, நம் ஃபைல் நம் கருவியை விட்டு வெளியே போகிறதா என்பதுதான். சில தளங்கள் வேலையை நம் பிரௌசருக்குள்ளேயே முடிக்கும். சில தளங்கள் ஃபைலைத் தங்கள் சர்வருக்கு ஏற்றி, வேலை முடித்துத் திருப்பித் தரும். கோயில் கொடை நோட்டீசுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆதாருக்கும் பிரமாணத்துக்கும் (நிலப் பத்திரம்) பேங்க் ஸ்டேட்மெண்டுக்கும் ஒன்றல்ல.

நிலம்: பட்டா, புலப்படம், வில்லங்கம்

பட்டாவும் புலப்படமும் தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் கிடைக்கும். முகவரி: இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் கவ் டாட் இன். தேடுபொறியில் ‘பட்டா சிட்டா’ என்று அடித்தால் அதே பெயரில் வேறு தளங்களும் வரும். முகவரி கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டே உள்ளே போங்கள்.

பட்டா, புலப்படம் பார்வையிடும் பகுதியில் கிராமப்புறமா, நகர்ப்புறமா, நத்தமா என்று கேட்கும். பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். நாகர்கோவில் நகரப் பகுதி நிலத்தைக் கிராமப்புறத்தில் தேடினால் ‘விவரம் இல்லை’ என்றே வரும். அதற்கு நகர்ப்புறத்தைத் தேர்ந்து வார்டு, பிளாக், நகர அளவை எண் கொடுக்க வேண்டும். வீட்டுமனை நத்தமாக இருந்தால் நத்தம் பிரிவில்தான் கிடைக்கும்.

அடுத்தது தாலுகா. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்போது ஆறு தாலுகாக்கள். கிள்ளியூரும் திருவட்டாறும் பின்னால் உருவானவை. அதனால் பழைய பிரமாணத்தில் ‘விளவங்கோடு தாலுகா’ என்று இருக்கும் நிலம் இன்றைக்குக் கிள்ளியூர் பட்டியலில் இருக்கலாம், ‘கல்குளம்’ என்று இருப்பது திருவட்டாறில் இருக்கலாம். ஒரு தாலுகாவில் கிராமப் பெயர் வராவிட்டால் மற்றதில் பாருங்கள். ‘விளை’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பல, வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கிய குடியிருப்புகள். அவை பட்டியலிலேயே இருக்காது. தீர்வை ரசீதில் அச்சாகியிருக்கும் கிராமப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் காலத்துப் பிரமாணங்களில் ‘பகுதி’ என்று குறிக்கப்பட்டிருப்பதே வருவாய்க் கிராமம்.

பட்டா எண் தெரியாவிட்டால் புல எண்ணும் உட்பிரிவும் போதும். போன் நம்பர் கேட்டால் கொடுங்கள், ஓடிபி வரும். திறந்ததும் பரப்பு நன்செய், புன்செய், மற்றவை என்ற பத்திகளில் ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். நம்மூரில் யாரும் ஏர் கணக்கில் பேசுவதில்லை. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். ‘0 - 4.50’ என்று இருந்தால் நாலரை ஏர், 11.1 சென்ட். இந்தப் புள்ளியை இடம் மாற்றிப் படித்து, 45 ஏர் என்று நினைத்து விலை பேசியவர்கள் உண்டு. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதையும் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

நிலம் வாங்கப் போகிறவருக்கு இதே தளத்தில் இன்னொரு வசதி, பட்டாவின் மெய்த்தன்மையைச் சரிபார்ப்பது. விற்பவர் நீட்டும் அச்சுப் பிரதியில் ஒரு குறிப்பு எண் இருக்கும். அதை அடித்தால் அரசுப் பதிவில் உள்ளது திரையில் வரும். கையில் இருக்கும் தாளோடு பெயர், புல எண், பரப்பு மூன்றையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

வில்லங்கம், அதாவது நிலத்தின் மேல் ஏறிய பதிவுகளைப் பார்ப்பது, பதிவுத்துறையின் தளத்தில். டிஎன்ரெஜிநெட் டாட் கவ் டாட் இன். பார்வையிட மட்டும் காசில்லை. வழி இது:

1. மின்னணு சேவைகள், அதில் வில்லங்கச் சான்று, அதில் விவரம் பார்வையிடுதல்.
2. மண்டலம் திருநெல்வேலி. அடுத்து வரும் ‘மாவட்டம்’ என்பது பதிவு மாவட்டம். கன்னியாகுமரியில் உங்கள் சார்பதிவாளர் அலுவலகம் இல்லையென்றால் மார்த்தாண்டத்தில் பாருங்கள்.
3. சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், தொடக்க நாள், முடிவு நாள்.
4. புல எண், உட்பிரிவு எண் அடித்து, சேர்க்கும் பொத்தானைக் கட்டாயம் அழுத்த வேண்டும். அடித்ததோடு நிறுத்திவிட்டால் தேடல் நகராது.
5. கேப்ட்சா அடித்துத் தேடினால் பிடிஎஃப்புக்கான இணைப்பு வரும். அழுத்தியும் எதுவும் நடக்கவில்லையென்றால் முகவரிப் பட்டையின் ஓரத்தில் பாப்-அப் தடுக்கப்பட்ட குறி இருக்கும். அதில் அனுமதி கொடுங்கள்.

ஒரு தேடலோடு நிறுத்தினால் பாதிதான் தெரியும். இன்றைக்கு 12/3ஏ என்று இருக்கும் நிலம், உட்பிரிவு ஆவதற்கு முன் 12/3 ஆக இருந்திருக்கும். அந்தக் காலத்துப் பதிவுகள் 12/3-இல்தான் கிடைக்கும். இந்த மாவட்டத்தில் அதற்கு மேலும் ஒரு சுற்று உண்டு. மறுஅளவையில் எண்களே மாறின. பிரமாணத்தில் ‘பழைய சர்வே’, ‘ரீசர்வே’ என்று இரண்டு எண்கள் எழுதப்பட்டிருப்பது அதனால்தான். ஆக, ரீசர்வே எண் உட்பிரிவோடு, உட்பிரிவு ஆவதற்கு முந்தைய ரீசர்வே தாய் எண், பழைய சர்வே எண் என்று மூன்று தடவை தேடுங்கள். கையில் ஆவண எண்ணும் ஆண்டும் இருந்தால் ஆவண வாரியாகத் தேடி, அந்தப் பதிவு எந்தப் புல எண்ணில் ஏறியிருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

பொதுவாக 1975-க்குப் பிறகான பதிவுகள்தான் இணையத்தில் வரும். அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேட வேண்டும். பேங்கில் கடனுக்குக் கேட்டால் பார்வைப் பிரதி செல்லாது. கட்டணம் கட்டி, மின் கையொப்பமிட்ட சான்று வாங்குங்கள்.

மலையாளப் பிரமாணத்தைப் படிப்பது

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழகத்தோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய பத்திரங்கள் பல வீடுகளில் மலையாளத்தில் இருக்கின்றன. படிக்கத் தெரிந்த பெரியவர்களும் குறைந்துவருகிறார்கள். கூகுள் டிரான்ஸ்லேட் தளத்தில் ‘படங்கள்’ பகுதிக்குப் போய், மலையாளத்திலிருந்து தமிழ் என்று வைத்துப் படத்தை ஏற்றுங்கள்.

அச்சடித்த பகுதி நன்றாக வரும். கையெழுத்து, அதிலும் 1971 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கூட்டெழுத்து, குதறித்தான் வரும். தாளைச் சமமாக விரித்து, பகல் வெளிச்சத்தில், மேலிருந்து நேராக, நாலைந்து வரி மட்டும் ஃபிரேமில் வரும்படி தனித்தனிப் படமாக எடுத்தால் தேறும் வரிகள் கூடும். முழுப் பக்கத்தையும் ஒரே படத்தில் அடைத்தால் எழுத்து பொடியாகிவிடும். இதில் கிடைப்பது, யார் யாருக்கு எழுதியது, எந்த வகைப் பத்திரம் என்ற தோராயம் மட்டுமே. எல்லை விவரத்தையும் பங்கு விவரத்தையும் மலையாளம் படிக்கத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவர் வாயால் கேட்டுவிட்டே நம்புங்கள்.

ஆண்டு கொல்லம் கணக்கில் இருக்கும். சிங்ஙம் முதல் தனு மாதத்தின் பாதி வரை 824-உம், அதன் பிறகு கர்க்கடகம் வரை 825-உம் கூட்டுங்கள். 1112 மீனம் என்றால் 1937 மார்ச்-ஏப்ரல். இதே பத்திரம் 1112 கன்னியில் எழுதப்பட்டிருந்தால் 1936.

எல்லையை வானத்திலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கூகுள் எர்த்தைப் பிரௌசரில் திறந்து, அளவுகோல் கருவியால் சுற்றிவர சொடுக்கினால் பரப்பு சதுர மீட்டரில் வரும். 40.47-ஆல் வகுத்தால் சென்ட். தென்னை மூட்டின் மேலே ஓலை விரிந்து கிடக்கும், ரப்பர் தோட்டத்தில் கயாலையே (எல்லைச் சுவர்) தெரியாது. 10 சென்ட் நிலத்தில் நீளத்திலும் அகலத்திலும் ஒவ்வொரு மீட்டர் பிசகினாலே ஒரு சென்ட் ஏறக்குறையக் காட்டிவிடும். அயல்காரரோடு வழக்குப் பேச இந்தக் கணக்கைக் கொண்டு போகாதீர்கள்.

போட்டோ, கையெழுத்து, பிடிஎஃப்

தேர்வு விண்ணப்பங்களில் அதிகம் பேர் மாட்டுவது ஃபைல் அளவில். டிஎன்பிஎஸ்சி மாதிரி இடங்களில் போட்டோ 20 முதல் 50 கேபி, கையெழுத்து 10 முதல் 20 கேபி என்று கேட்பார்கள். போனில் எடுத்த படம் 3, 4 எம்பி இருக்கும். பலரும் குவாலிட்டியை மட்டும் குறைத்துக்கொண்டே போய், முகம் கட்டம் கட்டமாக உடைந்த படத்தை ஏற்றுகிறார்கள். முதலில் குறைக்க வேண்டியது பிக்ஸல்.

இதற்கு ஸ்க்வூஷ் என்ற தளம் போதும். படம் பிரௌசருக்குள்ளேயே சுருங்கும், எங்கேயும் ஏறாது. அதில் வெட்டும் வசதி இல்லை என்பதால், போன் கேலரியிலேயே முகமும் தோளும் வரும்படி 7-க்கு 9 விகிதத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்க்வூஷில் திறந்து, ரீசைஸை ஆன் செய்து, அகலம் 350, உயரம் 450 கொடுங்கள். கம்ப்ரெஸில் மோஸ்ஜேபெக், குவாலிட்டி 75. கீழே வலது மூலையில் அளவு காட்டும். 20 கேபிக்குக் கீழே போய்விட்டாலும் விண்ணப்பத் தளம் ஏற்காது, அப்போது குவாலிட்டியை 85, 90 என்று ஏற்றுங்கள். கையெழுத்தைக் கோடில்லாத வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் போட்டு, நிழல் விழாமல் எடுத்து, மையை ஒட்டி வெட்டிவிடுங்கள். ஐபோன்காரர்கள் கேமரா செட்டிங்கில் ஃபார்மட்டை ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று மாற்றிவிட்டு எடுத்தால் ஜேபிஜியாக வரும். இல்லையென்றால் தளம் அந்த ஃபைலைப் படமாகவே எடுத்துக்கொள்ளாது.

பிடிஎஃப் சேர்க்க, பிரிக்க, சுருக்க ஐலவ்பிடிஎஃப், பிடிஎஃப்24 இரண்டும் நல்லவை. ஐலவ்பிடிஎஃப்புக்கு ஏற்றும் ஃபைல் இரண்டு மணி நேரத்தில் அழிக்கப்படும் என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படியிருந்தும் ஆதாரையும் பிரமாணத்தையும் ஏற்ற வேண்டிய தேவை இல்லை. இ-ஆதாரின் பாஸ்வேர்டை எடுக்க வேண்டுமானால் குரோமில் திறந்து, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தில் அடித்து, பிறந்த ஆண்டையும் சேர்த்து, பிறகு பிரிண்ட் கொடுத்து ‘பிடிஎஃப்பாகச் சேமி’ என்று வையுங்கள். புதிய பிரதிக்குப் பாஸ்வேர்டு இருக்காது. லாட்ஜுக்கும் கடைக்கும் கொடுக்க, ஆதார் தளத்திலேயே கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை இறக்கலாம்.

பிடிஎஃப் பெருத்துப் போவதற்குக் காரணம் அநேகமாக ஸ்கேன் செய்த விதம். கறுப்பு வெள்ளைத் தாளைக் கலரில் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்துவிட்டுப் பிறகு சுருக்கப் போராடுவதைவிட, முதலிலேயே கிரேஸ்கேல், 150 டிபிஐ என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஏ4 தாளில் எழுத்து தெளிவாகப் படிக்க அது போதும்.

தமிழ் எழுத்து வேலைகள்

பழைய நோட்டீசையோ சங்கத்து மினிட்ஸையோ திருப்பி அடிக்க வேண்டாம். படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக்கில் ‘ஓப்பன் வித்’, கூகுள் டாக்ஸ். படத்துக்குக் கீழே எழுத்து வந்துவிடும். படம் 2 எம்பிக்குள் இருக்கட்டும். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தை ஒவ்வொரு பத்தியாக வெட்டி ஏற்றுங்கள். சேர்த்துக் கொடுத்தால் இடது வரியும் வலது வரியும் பின்னிக்கொள்ளும்.

வாயால் சொல்லி எழுத டாக்ஸிலேயே டூல்ஸ், வாய்ஸ் டைப்பிங், தமிழ். குரோமில் நன்றாக ஓடும். தமிழில் நிறுத்தற்குறிகளைச் சொன்னால் குறியாக வராது, பிறகு கையால் போட வேண்டும். வேறு டேபுக்குப் போனால் மைக் நின்றுவிடும். நம்மூர்ப் பேச்சை அப்படியே பேசினால் தடுமாறும். செய்தி வாசிக்கிற மாதிரி, சொல்லுக்குச் சொல் இடம்விட்டுப் பேசுங்கள்.

அச்சகத்திலிருந்து வாங்கிய ஃபைல் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. வேர்டில் அந்த வரியைத் தேர்ந்து எழுத்துருவின் பெயரைப் பார்த்து, சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றியில் அதே பெயரைத் தேர்ந்து ஒட்டினால் யுனிகோடாக மாறும். பெயர் மாறித் தேர்ந்தால் பாதி எழுத்து சரியாகவும் பாதி தப்பாகவும் வந்து ஏமாற்றும். இடையில் உண்மையான ஆங்கிலச் சொல், மின்னஞ்சல் முகவரி இருந்தால் அவற்றையும் தமிழென்று நினைத்து மாற்றிவிடும் என்பதால், முன்னமே எடுத்து வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள்.

கடல்

இந்தப் பட்டியலில் உயிர் சம்பந்தப்பட்டது இது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் கடல்நிலை முன்னறிவிப்பையும் மீன்வளப் பகுதி அறிவிப்பையும் தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது.

மீன்வளப் பகுதி அறிவிப்பில் இறங்குதளத்தின் பெயர், அங்கிருந்து திசை, டிகிரி, எத்தனை கிலோமீட்டர் முதல் எத்தனை வரை, ஆழம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருக்கும். கடல்மட்ட வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோள் பார்த்துத்தான் இதைக் கணிக்கிறார்கள். மேகம் மூடிய நாளில் அறிவிப்பு வராது. தடைக்காலத்திலும் வராது. நம் மாவட்டத்துக்குத் தடைக்காலம் இரண்டு: சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை.

திடீரென்று கரையேறிப் பொங்கும் கள்ளக்கடலைக் காற்றை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. தெற்கே வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயல்காற்று கிளப்பிய அலை பல நாள் பயணப்பட்டு நம் கரைக்கு வரும்போது, இங்கே காற்று சும்மா இருக்கும், வானம் வெளுத்திருக்கும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது. விருந்தாளிகளோடு கடற்கரைக்குக் கிளம்பும் முன் இன்காய்ஸ் தளத்தில் உயர் அலை, ஸ்வெல் (தொலைவிலிருந்து வரும் அலை) எச்சரிக்கைப் பகுதியில் கன்னியாகுமரி மாவட்டத்தின் நிறத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

விண்டி தளத்தில் பார்ப்பவர்கள் காற்றை விட்டுவிட்டு ‘ஸ்வெல்’ அடுக்கைத் திறக்க வேண்டும். கரைக்கு முன்னால் கடலில் ஒரு புள்ளியைத் தொட்டால் உயரமும் பீரியடும் (ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி நேரம்) வரும். உயரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 7 வினாடி இடைவெளியில் வரும் ஒன்றரை மீட்டர் அலையைவிட, 18 வினாடி இடைவெளியில் வரும் ஒரு மீட்டர் அலை கரையில் அதிகத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஏறும். பீரியட் 15 வினாடிக்கு மேல் போனால் பாறைப் பக்கமும் கட்டுமரம் இழுத்துவைக்கும் மணலும் ஆபத்தே. காற்றின் வேகம் நாட் கணக்கில் இருக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிமீ. அளவுப் பட்டையைத் தொட்டால் கிலோமீட்டருக்கு மாறும்.

விண்டி வெறும் மாடல் கணக்கு. கடலுக்குப் போகலாமா என்று முடிவு செய்ய வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையே கணக்கு. அதில் நம் பக்கம் ‘கொமோரின் ஏரியா’ என்று இருக்கும், தமிழில் குமரிக்கடல். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுகளுக்கு அது மட்டும் போதாது. படகு போகும் லட்சத்தீவு, கேரளா, கர்நாடகப் பகுதிகளின் வரிகளையும் ஐந்து நாளுக்கும் சேர்த்துப் படிக்க வேண்டும். ‘மணிக்கு 45 முதல் 55 கிமீ, இடையிடையே 65’ என்ற வரி எந்தப் பகுதிக்கு வந்தாலும், அன்றைக்குப் படகு அங்கே இருக்கக் கூடாது.

சிறுசிறு உதவிகள்

ரப்பர் விலையை ரப்பர் போர்டின் தளத்தில் அன்றன்றைக்குப் பார்க்கலாம். ஆர்எஸ்எஸ்-4, ஆர்எஸ்எஸ்-5 என்று தரம்வாரியாக, கோட்டயம் விலை, 100 கிலோவுக்கு. நூறால் வகுத்துக்கொண்டு குலசேகரத்திலோ மார்த்தாண்டத்திலோ வியாபாரி சொல்லும் விலையோடு ஒப்பிடுங்கள்.

ரயில் எங்கே வருகிறது என்று பார்க்க ரயில்வேயின் என்டிஇஎஸ் தளம். நாகர்கோவில் சந்திப்புக்கு என்சிஜே, கன்னியாகுமரிக்கு கேப், இரணியலுக்கு இஆர்எல், குழித்துறைக்கு கேஇசட்டி. குழித்துறையைப் பெயரால் தேடினால் கிடைக்காமல் போகும், ரயில்வே எழுத்துக்கூட்டல் வேறு. குறியீட்டை அடித்தால் தப்பாது.

வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதச் சலான் என்ற பெயரில் வரும் ஃபைலின் முடிவில் ‘ஏபிகே’ என்று இருந்தால் திறக்கவே வேண்டாம். அது அழைப்பிதழ் அல்ல, போனுக்குள் குடியேறும் செயலி. சந்தேகமான இணைப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஒட்டினால் எழுபதுக்கும் மேற்பட்ட பாதுகாப்பு நிறுவனங்களின் சோதனை முடிவு ஒரே பக்கத்தில் வரும். அங்கே ஏற்றும் ஃபைலை ஆய்வாளர்களும் பார்க்க முடியும் என்பதால் சொந்த ஆவணத்தை ஏற்றாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைப் பாதி வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

அச்செடுக்கும் கடையில் நம் வாட்ஸ்அப் நம்பரைக் கொடுக்காமல் ஃபைல் அனுப்ப பேர்டிராப். கடைக் கம்ப்யூட்டரிலும் நம் போனிலும் அந்தத் தளத்தைத் திறந்தால், ஒரே வைஃபையில் இருந்தால் ஒன்றையொன்று தானாகக் காட்டும். நம் போன் மொபைல் டேட்டாவில் இருந்தால் தற்காலிக அறை ஒன்றைத் திறந்து, அது காட்டும் ஐந்து எழுத்துக் குறியீட்டை அடுத்த கருவியில் அடிக்க வேண்டும். ஃபைல் கருவிக்குக் கருவி நேராகப் போகும். அனுப்பி முடியும் வரை போன் திரை அணையக் கூடாது, அணைந்தால் பாதியில் நின்றுவிடும். அச்சு வந்ததும் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து அதை அழிக்கச் சொல்லுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள்.